எதுவும் நடக்காத செய்தி

பள்ளிப்பட்டிலிருந்து நகரி போகும் சாலையில்
கரும்பு டிராக்டர்களுக்குப் பின்விளக்கு இருப்பதில்லை.
மார்கழிப் பனியில்
வயலே எழுந்து நடப்பதுபோல் போகும்,
இருட்டைவிடக் கொஞ்சம் கூடுதல் இருட்டாக.

நாங்கள் பதினொரு பேர்.
சிவப்பு ஒளிப்பட்டைச் சுருள் ஒன்று அறுநூற்று நாற்பது ரூபாய்.
எடைமேடை வரிசையில் வண்டிகள் நிற்கும்போது
தொங்கும் சோகையை விலக்கி,
தகரத்து மண்ணைத் துணியால் துடைத்து
ஒட்டுவோம்.
டிரைவர்கள் தெலுங்கில் திட்டுவார்கள்,
பிறகு தமிழில் தீப்பெட்டி கேட்பார்கள்.

மூன்றாவது சுருள் தீர்ந்த அன்று டில்லிபாபு சொன்னான்:
'பேப்பர்ல வந்தா ஆலைக்காரன் குடுப்பான்.'
ஜெராக்ஸ் கடையில் வேலை, எனக்கு டைப்பிங் வரும்.
அதனால் நான் செயலாளர்.

'பெறுநர்: ஆசிரியர் அவர்கள்.
எங்கள் மன்றம் சார்பில் இதுவரை
இருநூற்றுப் பன்னிரண்டு வண்டிகளுக்கு' என்று அடித்து
எண்ணுக்குக் கீழே கோடு போட்டேன்.
கூட ஒரு படம்.
பிளாஷ் விழுந்ததும் பட்டை மட்டும் எரிந்தது,
பதினொரு முகமும் கரிந்துபோயின.

நிருபர் தசரதன் காப்பீட்டு ஏஜென்டும்கூட.
டீக்கடையில் வைத்துப் படித்தார், இரண்டு தடவை.
'இதுல நியூஸ் எங்கம்மா இருக்கு?
ஒட்டறது இந்தப் பக்கம்,
வண்டி போறது அந்தப் பக்கம்.
புளியமரத்தத் தாண்டினா சித்தூர் எடிஷன்.'

வெங்கடாத்ரி தெலுங்கில் எழுதிக் கொடுத்தான்.
நகரி நிருபர் போனில் கேட்டது ஒரே கேள்வி:
'ஏமன்னா ஜரிகிந்தா?'
இல்லை சார். எதுவும் நடக்கலை.
அதைத்தான் போடச் சொல்றோம்.

அதற்கப்புறம் பேப்பரை நான் வேறு மாதிரி படித்தேன்.
ஒருவர் பலி என்றால் நாலு வரி.
மூவர் என்றால் படம்.
புதுமாப்பிள்ளை என்றால் முதல் பக்கம்.
விரலால் அங்குலம் அளந்திருக்கிறேன்.
ஒரு ராத்திரி,
ஒரே ஒரு ராத்திரி ஒட்டாமல் விட்டால் என்ன
என்று நினைத்ததும் உண்டு.
கூட ஒட்டுகிற கிரிஜாவிடம்கூடச் சொல்லவில்லை.
அன்று பட்டையை வழக்கத்தைவிட
நீளமாக வெட்டினேன்.

தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது
பதினொன்றே முக்காலுக்கு தசரதன் போன்.
பேனாவைத் தேடிக்கொண்டே கேட்டேன்:
'எத்தனை பேர் சார்?'
மூச்சு வாங்குகிற சத்தம். ஏதோ ஒரு நாய்.
'யாருமில்லம்மா. நான்தான்.
செவப்பா ஏதோ தெரிஞ்சுது, பிரேக் புடிச்சிட்டேன்.
கரும்பு கண்ணாடியில இடிக்குது பாரு, அவ்ளோ கிட்ட.'

'எழுதுவீங்களா சார்?'

'என்னன்னு எழுதறது?
வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்னா?'

எழுதவில்லை.

காணும்பொங்கலுக்கு மறுநாள் ஏழாம் பக்கத்தில்
கிணற்றில் விழுந்த பசு.
தீயணைப்பு வீரர்களுடன் சேர்ந்து
'அப்பகுதி இளைஞர்கள்' மீட்டார்களாம்.
கயிறு பிடித்ததில் இரண்டு பேர் எங்கள் ஆட்கள்,
டில்லிபாபுவின் உள்ளங்கை இன்னும் ஆறவில்லை.
பசு யாருடையது, கிணறு எத்தனை அடி,
மோட்டார் எத்தனை குதிரைசக்தி, எல்லாம் இருந்தது.
கத்தரித்து ஃபைலில் ஒட்டினேன்.
எங்கள் ஃபைலில் உள்ள ஒரே செய்தி.

நேற்று ஆதார் நகல் எடுக்க தசரதன் வந்தார்.
பட்டையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை, நானும்தான்.
சில்லறையை எண்ணி வைத்துவிட்டுக் கிளம்பினார்.
அவர் ஸ்கூட்டியின் பின்னால்
நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு சாண் சிவப்பு.
நாங்கள் ஒட்டியது இல்லை.
கோணலாக, துடைக்காத தூசிமேல்,
உள்ளே காற்றுக் கொப்புளங்களோடு.

இருநூற்றுப் பதின்மூன்று என்று எழுதலாமா
என்று குழுவில் கேட்டேன்.
ஆறு பேர் எழுது என்கிறார்கள்.